அண்ணாச்சி உடம்பு வைத்த கதை

எடை மெஷினைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். போன வாரம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பார்த்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, இடம் அடைக்கிறது என்று அதை நகர்த்திச் சுவர் ஓரமாக வைத்திருக்கிறீர்கள். சுவர் பக்கத்தில் இருந்தால், எடை கூடியவர் ஒரு விரலைச் சுவரில் ஊன்றுவார். நாலு கிலோ அந்த விரல் வழியாகச் சுவருக்குள் போய்விடும். கேட்டால், "தல சுத்துச்சும்மா" என்பார். எடை பார்த்து முடித்ததும் சுற்றல் நின்றுவிடும்.

இதைச் சொல்லலாம் என்று வந்தேன். நீங்கள் எல்லோரும் வேலையாக இருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து எனக்கு நண்டு நடந்தாற்போல் வரும், ஆனால் எண் முத்து முத்தாக வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்து, இந்த இதய ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்து எடை பார்த்தேன். டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்பதற்கு முன்னால், நோயாளியின் இதயம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

இந்த மெஷினில் ஏறுகிறவர்கள் இரண்டு ஜாதி. எடை குறைந்து காட்டாதா என்று ஏங்குகிறவர்கள் ஒன்று. கூடிக் காட்டாதா என்று ஏங்குகிறவர்கள் இன்னொன்று. முதல் வகையில் ஒரு டீச்சரம்மா வருவார். ஒருநாள் கையில் போனை நீட்டிக்கொண்டே டாக்டரம்மா அறைக்குள் போனார். "டாக்டர், ஹார்ட் சீக்கு வந்தவங்கள்ல ஒல்லியானவங்களவிட குண்டானவங்கதான் ரொம்ப நாள் இருக்காங்கன்னு இதுல போட்டுருக்கே, பாத்தீங்களா?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "சில பேர் விஷயத்துல அப்படி நடக்குறது உண்மைதான் டீச்சர். சீக்கு வந்த பிறகு சதை தானா கரைஞ்சு போறதுதான் எங்களுக்குப் பயம். உடம்புல கொஞ்சம் சேமிப்பு இருந்தா தாங்குது. அதுக்காக போண்டா மருந்து ஆகாது."

"முழு போண்டா வேண்டாம். பாதி?"

டீச்சரம்மாவை விடுங்கள். நான் சொல்ல வந்தது இரண்டாம் வகை ஆளைப் பற்றி. அவரால் நான் செய்த தப்பைப் பற்றி.

சேத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி அவர். நல்ல உயரம். இடுப்பில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட், அதில் இரண்டு பக்கமும் பை. இதயம் பலவீனமாகி, ரத்தத்தைத் தள்ளும் வேலை பாதிதான் நடக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாதா மாதம் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை அவர் மேல் காய்ந்துகொண்டிருப்பது போல் தொங்கும். கூடவே மனைவி பேச்சியம்மாள் வருவாள். கையில் ஒயர் கூடை, அதில் வெந்நீர், துண்டு, வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்த மாதிரி இன்னும் என்னென்னவோ.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எடை ஐம்பத்தெட்டு. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"இனிமே ஒரு கிலோகூட இறங்கக் கூடாது. அடுத்த வாரம் இதுக்குக் கீழ இருந்தா வார்டுல சேர்த்துருவேன். உடம்பு தேறணும்."

அண்ணாச்சிக்கு வார்டு என்றால் சீக்கைவிடப் பயம். முன்பு ஒருமுறை நாலு நாள் சேர்ந்திருந்தபோது உப்பில்லாத உப்புமாவைப் போட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார், "தாயி, சாவு வந்தாலும் வரட்டும். அந்த உப்புமா மட்டும் திரும்ப வரக்கூடாது."

அடுத்த செவ்வாய் வந்தார்கள். செருப்பைக் கழற்ற அண்ணாச்சி குனிந்தார். அவர் இடுப்பு என் இரும்பு மேசையில் பட்டு 'டங்' என்றது.

மனித இடுப்பு 'டங்' என்று சொல்லாது. பதினெட்டு வருஷத்தில் எந்த இடுப்பும் சொன்னதில்லை.

"என்ன அண்ணாச்சி சத்தம்?"

"எலும்பு தாயி. எளச்சுப் போச்சுல்ல."

நான் பெல்ட்டைத் தொட்டேன். வலது பக்கப் பையில் ஒரு கிலோ எடைக்கல். இடது பக்கம் இன்னொன்று. கடைத் தராசில் இருந்து நேராகக் கிளம்பி வந்திருந்தன.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். வீட்டு மெஷின்ல ஐம்பத்தேழுதான் காட்டுது. வார்டுல போட்டா அவிய மனசொடிஞ்சே போயிருவாக. ஒரே ஒரு வாரம் குடுங்க. நான் ஊட்டி ஊட்டி அவிய உடம்ப ஏத்திப்புடுதேன்."

"டாக்டரம்மாகிட்ட பொய் எழுதச் சொல்லுதியா?"

"நீங்க பொய் எழுத வேண்டாம்க்கா. மெஷின் காட்டுறத எழுதுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். மெஷின் ஐம்பத்தொன்பது காட்டியது. நான் ஐம்பத்தொன்பது என்று முத்து முத்தாக எழுதினேன். மெஷின் காட்டியதைத்தானே எழுதினோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, ஒரு கிலோ ஏறியிருக்கு" என்று அனுப்பிவிட்டார். அண்ணாச்சி 'டங் டங்' என்று வாசலைத் தாண்டிப் போனார்.

மூன்றாவது செவ்வாய். அன்றைக்கு அறுபது டோக்கன். டாக்டரம்மா அவசர நோயாளி ஒருவருக்காக மேல்மாடி வார்டுக்குப் போய் ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை. கூட்டம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அப்போது பேச்சியம்மாள் முகமெல்லாம் பல்லாக வந்தாள். கையில் பால்கோவா பொட்டலம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவா வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா! வாயத் தொறங்க!"

"என்னட்டி விசேஷம்?"

"அவியளுக்கு உடம்பு வச்சிருச்சுக்கா! இன்னைக்கு ஒரு கல்லும் வேண்டாம். எல்லாம் சொந்த உடம்பு!"

அண்ணாச்சி மெஷினில் ஏறினார். பெல்ட்டை நானே தடவிப் பார்த்தேன். காலி. மெஷின் அறுபதரை காட்டியது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. என் பொய்யை அவள் சோறு போட்டு உண்மையாக்கிவிட்டாளே என்று நினைத்தேன்.

"என்னட்டி போட்ட அப்படி?"

"கருவாடு, அப்பளம், ஊறுகாய்னு நாக்குக்கு இதமா செஞ்சு போட்டேன். உப்பு இல்லாம அவிய தின்ன மாட்டாக. தின்னாம எப்படிக்கா உடம்பு வைக்கும்? இப்ப காலுகூட உடம்பு வச்சிருக்கு, பாருங்க. பழைய செருப்பு நொழைய மாட்டேங்குது. தூங்குறதுகூட ராஜா மாதிரி மூணு தலவாணி வச்சுத்தான்."

பால்கோவா என் வாயில் கரைந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் மணி அடித்த மாதிரி என் காதில் விழுந்திருக்க வேண்டும். இனிப்பு காதை அடைத்துவிட்டது.

அண்ணாச்சி கேட்டார். "தாயி, கூட்டமா இருக்கே. டாக்டரம்மாவப் பாக்கணுமா? எடதான் ஏறிப்போச்சே. அதே மாத்திரைய வாங்கிட்டுப் போறேன்."

"சரி அண்ணாச்சி. அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்," என்று சொன்னேன். சொன்னது நான்தான். ஒரு டோக்கன் குறைந்தது என்ற நிம்மதியில் சொன்னேன்.

அவர்கள் போனார்கள். நான் மெஷினைத் தூக்கி மேசையில் வைத்துத் துடைத்தேன். பிறகு நோட்டை எடுத்து அவர் பெயருக்கு நேரே எண்ணை எழுதினேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபதரை. படிப்படியாக ஏறுகிற எண். பார்க்க அழகாக இருந்தது. பேனா நடுவில் இருந்த ஐம்பத்தொன்பதில் நின்றது.

அது ஐம்பத்தொன்பது இல்லையே. அதில் இரண்டு கிலோ இரும்பு.

விரல் விட்டுக் கழித்தேன். ஐம்பத்தேழு. ஐம்பத்தேழிலிருந்து அறுபதரை, ஏழே நாளில். மூன்றரைக் கிலோ.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். பேசினால் வெடுக்கென்று பேசுவார். அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஹார்ட் சீக்குக்காரன் ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா கை தட்டாத. அது சோறு இல்ல, தண்ணி. எந்தச் சோறும் அம்புட்டு வேகமா சதையாகாது. ஹார்ட் தள்ள முடியாத தண்ணி காலுல தேங்கும், பொறவு நெஞ்சுல ஏறும். படுத்தா மூச்சு முட்டும். ஆளு தலவாணிய அடுக்குவான்."

மூன்று தலையணை. நுழையாத செருப்பு. பால்கோவா.

மனிதர் உடம்பு வைக்கவில்லை. தண்ணீர் வைத்திருக்கிறார். நான் அவரைக் கை தட்டி பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயசு. மருந்துக் கடையில் அவர்கள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு. வழியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆயாம்மா ஓடுகிறாளே என்று பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது, கக்கத்தில் எடை மெஷினை இடுக்கிக்கொண்டு ஓடுகிறேன் என்று. எப்போது தூக்கினேன் என்று இன்றுவரை தெரியாது. டீக்கடையில் ஒருவர், "ஆயாம்மா மெஷினத் திருடிட்டு ஓடுதே!" என்று கத்தினார்.

சேத்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறினேன். அண்ணாச்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எறங்கும்."

"ஏன் தாயி?"

"உமக்கு உடம்பு வைக்கல. தண்ணி வச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாரும்."

"ஜன்னல் சீட்டு தாயி. துண்டு போட்டுப் புடிச்சது."

பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா பேசுதீக? ராத்திரி பகலா ஆக்கிப் போட்டு ஏத்தின உடம்பு! கண்ணு வைக்காதீக!"

பேசி ஆகாது என்று தெரிந்தது. மெஷினைப் பக்கத்து ஆள் மடியில் வைத்தேன். குனிந்து, அண்ணாச்சியின் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்தினேன். விரலை எடுத்தேன். குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவே இல்லை. பணியாரச் சட்டி மாதிரி அப்படியே நின்றது.

"பாத்தியாட்டி? சதைன்னா திரும்ப மேல வரும். இது தண்ணி."

பேச்சியம்மாள் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தாள். அவள் மட்டுமா பார்த்தாள்? முன் சீட், பின் சீட் எல்லாம் எழுந்து பார்த்தது. அடுத்த நிமிஷம் பஸ் முழுக்க ஆளாளுக்குத் தன் காலை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆச்சி அலறினாள், "ஐயையோ, எனக்குக் குழியவே மாட்டேங்குதே! எனக்கு என்ன சீக்கோ!" கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே தன் காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் திரும்பி, "ஏலே, பஸ்ஸ எடுக்கவா, வைத்தியம் முடியட்டுமா?" என்றார்.

"அண்ணாச்சி, எறங்குங்க. எல்லாருக்கும் நேரமாவுது," என்றார் கண்டக்டர்.

அண்ணாச்சி எழுந்தார். நாலு எட்டு வைத்தார். படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. இறங்க மனமில்லாமல் நிற்கிறார் என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு நிறம் மாறியிருந்தது. ஏதோ கேலியாகச் சொல்ல வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. சேத்தூர் வரை அந்த பஸ்ஸில் போயிருந்தால், இறங்கும்போது அவரைத் தூக்கித்தான் இறக்கியிருப்பார்கள்.

ஆட்டோவில் போகும்போது பேச்சியம்மாள் அவர் கையை விடவே இல்லை. "நாந்தான், நாந்தான் கருவாடப் போட்டு..." என்று மட்டும் முனகினாள். நான் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த 'நாந்தான்' நான் சொல்லவேண்டியது.

டாக்டரம்மா அதற்குள் இறங்கியிருந்தார். அண்ணாச்சியைப் படுக்கையில் சாய்த்து, மாஸ்க் மாட்டி, ஊசி எடுத்துக்கொண்டே நோட்டைக் கேட்டார். பார்த்தார்.

"போன வாரம் ஐம்பத்தொன்பது, இன்னைக்கு அறுபதரை. ஒன்றரைதானே ஏறியிருக்கு? ஆளப் பாத்தா அதுக்கு மேல தெரியுதே."

எனக்கு இந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே சொத்து என் எண். ஆயாம்மா எழுதினால் சரியாக இருக்கும் என்று சொல்வார்கள். அதை நானே என் வாயால் உடைக்க வேண்டியிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மூச்சு விடும் நேரம் நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் தப்பான எண்ணை வைத்து மருந்து போட்டால், அனுபவிப்பது அந்தப் படுக்கையில் கிடப்பவர்.

"டாக்டரம்மா, போன வாரம் நான் எழுதினது பொய். பெல்ட்டுல ரெண்டு எடக்கல் இருந்துச்சு. தெரிஞ்சுதான் எழுதினேன். நெச எட ஐம்பத்தேழு."

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. ஊசியைப் போட்டு முடித்தார். பிறகு கேட்டார், "கல்லு சரியா ரெண்டு கிலோவா?"

பேச்சியம்மாள் ஒயர் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். துண்டுக்கு அடியிலிருந்து இரண்டு கல்லையும் எடுத்தாள். "ஒருவேள எட எறங்கிட்டா என்ன பண்ணன்னு கையோட கொண்டாந்தேன் டாக்டரம்மா," என்றாள்.

நான் மெஷினைத் தரையில் வைத்தேன். கல் இரண்டையும் அதன் மேல் வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

ஒன்று புள்ளி எட்டு.

கல்லை எடுத்துத் திரும்ப வைத்தேன். ஒன்று புள்ளி எட்டு. டாக்டரம்மா தன் கைப்பையிலிருந்து பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

பேச்சியம்மாள் மெதுவாகத் திரும்பினாள். அழுகை நின்றுவிட்டது.

"ஏன்யா, அப்ப எங்க அம்மா வீட்டுக்கு இருவது வருசமா நீரு நிறுத்துக் குடுத்த துவரம்பருப்பு?"

அண்ணாச்சி மாஸ்க்கைக் காட்டி, பேச முடியவில்லை என்று சைகை செய்தார். அந்த நிமிஷம் அவரைக் காப்பாற்றியது ஊசியா மாஸ்க்கா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

"அப்ப ஐம்பத்தேழே கால்," என்றார் டாக்டரம்மா. சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "மூணே கால் கிலோ தண்ணி. இப்ப எனக்கு எவ்வளவு எறக்கணும்னு தெரியும்."

அன்று முழுக்க அண்ணாச்சி பாத்ரூமுக்கும் படுக்கைக்கும் நடந்தார். நாலாவது நாள் எடை ஐம்பத்தேழு. மூச்சு சீராகிவிட்டது. செருப்பு கால்களில் லொட லொடவென்று ஆடியது. எண்ணைப் பார்த்ததும் பேச்சியம்மாளுக்குத் தாங்கவில்லை. "எம்புட்டு பாடுபட்டு ஏத்தினேன். அம்புட்டும் பாத்ரூம்ல போச்சே!"

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் உயிரோடு இருக்கச் சதை வேண்டும், அது நிஜம், ஆனால் அது மெதுவாகத்தான் வரும், உப்பில்லாமல் முட்டையும் பயறும் மீனும் கொடுத்தால் வரும் என்று விளக்கினார். வந்தது. மாதத்துக்கு முந்நூறு கிராம், நானூறு கிராம். ஒவ்வொரு செவ்வாயும் நான் முதலில் காலை அழுத்துவேன், குழி விழவில்லை என்று பார்த்த பிறகுதான் மெஷினில் ஏற்றுவேன். அறுபத்திரண்டு வந்த அன்றைக்கு பேச்சியம்மாள் திரும்பவும் பால்கோவா கொண்டுவந்தாள். டாக்டரம்மா பார்த்து முடித்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

அண்ணாச்சி இன்னும் வருகிறார். இப்போது உங்களிடம்தான் வருவார். பெல்ட்டைத் தடவிப் பாருங்கள், சங்கடப்பட வேண்டாம். அவரே கையைத் தூக்கிக் காட்டுவார். யாராவது, "உடம்பு வச்சிருக்காரு" என்று சந்தோஷமாகச் சொன்னால், எத்தனை நாளில் என்று கேளுங்கள். எத்தனை தலையணை என்றும் கேளுங்கள். அவர்கள் கையில் இனிப்பு இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அன்று மாலை வரை காத்திருந்தேன். டாக்டரம்மா கூப்பிட்டு அந்த இரண்டு கல்லையும் என் கையில் கொடுத்தார். "இது உங்க மேசையிலயே இருக்கட்டும் ஆயாம்மா," என்றார். ஓய்வு பெறும் வரை தினமும் அதைப் பார்த்துக்கொண்டே எண் எழுதினேன்.

போன வாரம் வந்தபோது அவற்றைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தீர்கள். அது கதவுக்கு இல்லை. காலையில் முதல் நோயாளி ஏறுவதற்கு முன்னால் இரண்டையும் மெஷின் மேல் வையுங்கள். ஒன்று புள்ளி எட்டு காட்டினால் மெஷின் உண்மை சொல்கிறது. சரியாக இரண்டு காட்டினால் டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கள், மெஷின் அண்ணாச்சி கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.